பிளஸ் டூ முடித்துவிட்டு இறையியலா? கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்து வழிகள்

மே மாதம் பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். இந்த ஆண்டு வந்தவற்றில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

கோபி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "பையன் சாமியாருக்குப் படிக்கப் போறேன்னு ஒரே பிடிவாதமுங்க. நல்ல மார்க்கு வாங்கியிருக்கான். பெருந்துறையிலயே இன்ஜினியரிங் சீட்டு கெடைக்குமுங்க. என்னன்னு சொல்லி விடறதுங்க?" சோமனூரிலிருந்து இப்போதுதான் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்: "எனக்கு இறையியல் படிக்கணும். ஆனால் சிஸ்டராகப் போக விருப்பம் இல்லை. அப்படி ஒரு படிப்பு குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்கு உண்டா? கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள்." மூன்றாமவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். முப்பத்து நான்கு வயது, இரண்டு குழந்தைகள், பங்குக் கோவிலில் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறார். "ஒன்பதாவது படிக்கிற பையன் கேக்கற கேள்விக்கு எங்கிட்டப் பதில் இல்லீங்க. வேலையை விட்டுட்டுப் படிச்சா என்னன்னு தோணுது" என்கிறார்.

மூவர் பேச்சும் வந்து நிற்பது இறையியலில்தான், அதாவது கத்தோலிக்க விசுவாசத்தின் உள்ளே நின்று கேள்வி கேட்கும் படிப்பில். ஆனால் ஒருவன் கேட்பது ஒரு வாழ்க்கையை, ஒருத்தி கேட்பது ஒரு கல்வியை, இன்னொருவர் கேட்பது விளக்கத்தை. மூன்றுக்கும் கதவு வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுத்து, நாலைந்து வருடம் கழித்து மனம் கசந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் விசைத்தறி வீட்டில் பிறந்த பிள்ளை. கணிதத்தில் பட்டம், பி.எட்., சில ஆண்டுகள் பள்ளி வேலை, அதன் பிறகு வெளியூர் போய் ஐந்து ஆண்டு மெய்யியலும் (தத்துவம்) இறையியலும். குருவானவரோ துறவியோ அல்ல. ஆனாலும் இதை வெளியிலிருந்து சொல்லவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஏன் படிக்கிறோம் என்பது. இறையழைத்தலா, அறிய வேண்டும் என்ற தாகமா, அதையே பிழைப்பாகக் கொள்ளும் எண்ணமா? மூன்றும் கலந்திருக்கலாம், தப்பில்லை. எது முன்னால் நிற்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, கையில் கிடைக்கும் சான்றிதழ் எங்கெல்லாம் செல்லும். இதைத்தான் நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலையாக அறிவிக்கப்பட்டவையும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களும்தான் இந்தியாவில் பட்டம் வழங்க முடியும். உரோமையின் அங்கீகாரம் பெற்ற இறையியல் பட்டம் கத்தோலிக்கத் திருஅவைக்குள் உலகெங்கும் செல்லும். ஆனால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கோ பி.எட். சேர்க்கைக்கோ அதை இளங்கலைப் பட்டமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போகக் கூடாது. இரண்டும் வேறு வேறு நாணயம். ஒன்று செல்லும் கடையில் இன்னொன்று செல்லாது.

மூன்றாவது, ஆண்டுகளும் பணமும். நான்காவது, மொழி. ஐந்தாவது, பாதியில் திரும்பி வந்தால் கையில் என்ன மிஞ்சும். ஆறாவது, உங்கள் விசுவாசத்துக்கு என்ன ஆகும். இந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றிக் கீழே கொஞ்சம் நிறையவே எழுதியிருக்கிறேன். காரணம், என்னை யாரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை.

படிப்பில் என்ன இருக்கும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். விவிலியம், கோட்பாட்டு இறையியல், அறநெறி இறையியல், திருவழிபாடு, திருஅவை வரலாறு, திருஅவைத் தந்தையர், திருஅவைச் சட்டம், மேய்ப்புப்பணி. இவற்றோடு கொஞ்சம் எபிரேயம், கிரேக்கம், இலத்தீன். இவற்றுக்கு முன்னால் மெய்யியல். செபக்கூட்டத்தில் கேட்கும் மறையுரையின் நீட்சியாக இதை நினைத்துப் போனால் முதல் மாதமே திகைப்பு வரும்.

## வழி ஒன்று: குருமடம், துறவற சபை

கோபித் தாயின் மகனுக்கு உரிய வழி இது. இங்கே இறையியல் தனியாக வருவதில்லை, குருத்துவ வாழ்வோடு சேர்ந்துதான் வருகிறது. திருஅவைச் சட்டம் 250, மெய்யியலுக்கு இரண்டு முழு ஆண்டும் இறையியலுக்கு நான்கு முழு ஆண்டும் எனக் குறைந்தது ஆறு ஆண்டு கேட்கிறது. அதற்கு முன் ஆயத்த நிலை, பெரும்பாலும் ஒரு கல்லூரிப் பட்டம், நடுவில் களப்பணி ஆண்டு. பிளஸ் டூ முடித்து உள்ளே போகிற பையன் குருவாக வெளியே வரப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். சட்டம் 1031-இன்படி இருபத்தைந்து வயது நிறையாமல் குருப்பட்டம் கிடையாது.

பணச்சுமை குடும்பத்தின் மேல் பெரிதாக விழாது. ஆயரின் பொறுப்பில் உள்ள மறைமாவட்டமோ சபையோதான் பெரும்பகுதியைத் தாங்கும். எங்கே படிப்பது என்பதும் பையன் கையில் இல்லை. பூந்தமல்லி திருஇருதயக் குருத்துவக் கல்லூரியோ, திருச்சி புனித பவுல் குருத்துவக் கல்லூரியோ, பெங்களூருவோ, ஆயர் அனுப்பும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

மறைந்திருக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. சேருகிற எல்லாரும் குருவாவதில்லை. தேர்ந்து தெளிவதற்குத்தான் அத்தனை ஆண்டு. ஆனால் ஊரில் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. "சாமியாருக்குப் போய்த் திரும்பி வந்தவன்" என்று ஒரு பெயர் ஒட்டிக்கொள்கிறது. பெண் பார்க்கப் போகும் இடத்தில் கூட அந்தப் பேச்சு எழும். திரும்பி வந்தவர்களில் பலர் அருமையான ஆசிரியர்களாக, நேர்மையான தொழில் செய்பவர்களாக இருக்கிறார்கள். தாய் தகப்பன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போகிற அன்றே, "எப்ப வேணாலும் திரும்பி வரலாம் கண்ணு, வீட்டுக் கதவு தொறந்தே இருக்கும்" என்று சொல்லி அனுப்புங்கள். அதைக் கேட்ட பிள்ளை பயத்தால் உள்ளே இருக்க மாட்டான், விருப்பத்தால் இருப்பான்.

இன்னொன்றையும் முதல் நாளே கேளுங்கள்: மெய்யியலுக்கு முன்போ, கூடவோ, பல்கலைக்கழக அங்கீகாரம் உள்ள ஒரு பட்டம் படிக்க வைப்பார்களா? பல குருமடங்கள் இப்போது இதில் கவனமாக இருக்கின்றன. இருபத்தாறு வயதில் வெளியே வருகிறவனின் கையில் பி.ஏ. இருப்பதும், பிளஸ் டூ மார்க் ஷீட் மட்டும் இருப்பதும் ஒன்றல்ல.

பெண் பிள்ளைகள் துறவற சபையில் சேர்ந்தால் நிலை கொஞ்சம் மாறும். நவதுறவு என்னும் தொடக்கப் பயிற்சிக் காலத்துக்குப் பிறகு யார் செவிலியர், யார் ஆசிரியர், யார் இறையியல் படிப்பது என்பதைச் சபைத் தலைவிதான் தீர்மானிப்பார். இறையியல் மேல் ஆசைப்பட்டுச் சேர்ந்து, பத்தாண்டு ஆஸ்பத்திரிக் கணக்குப் பார்த்த சிஸ்டர்மாரும் உண்டு. ஆகவே இறையியலுக்காக மட்டும் கன்னியர் மடத்துக்குப் போகாதீர்கள். அது அந்த அழைத்தலுக்கும் நியாயம் செய்வதாகாது.

## வழி இரண்டு: பொதுநிலையினராக, திருஅவையின் இறையியல் கல்லூரியில்

சோமனூர்ப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு முதலில் ஒரு சட்டம். 1983-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத் தொகுப்பின் 229-ஆம் எண், திருஅவையின் பல்கலைக்கழகங்களிலும் இறையியல் நிறுவனங்களிலும் சேர்ந்து படித்துப் பட்டம் பெறும் உரிமை பொதுநிலையினருக்கு உண்டு என்கிறது. உரிய அதிகாரி கட்டளையிட்டால் அதைக் கற்பிக்கவும் அவர்கள் தகுதி உள்ளவர்கள். அம்மிணி, நீ கேட்டது சலுகை அல்ல, உரிமை.

புனேயில் ஞானதீப வித்யாபீடம் இருக்கிறது. 1893-இல் கண்டியில் பாப்பிறைக் குருமடமாகத் தொடங்கி, 1955-இல் புனேக்கு வந்தது. பெங்களூருவில் தர்மாராம் வித்யாக்ஷேத்திரமும் புனித பேதுரு பாப்பிறை நிறுவனமும் இருக்கின்றன. இங்கெல்லாம் முதல் நிலைப் படிப்பு மொத்தம் ஐந்து ஆண்டு. மெய்யியலில் இரண்டு ஆண்டு ஏற்கெனவே முடித்திருந்தால் மூன்று ஆண்டு போதும். அதன் மேல் இரண்டாண்டு லிசென்சியேட் (முதுநிலைப் பட்டம்), பிறகு முனைவர் பட்டம்.

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் ஆண்டில் பாடத்தோடு போராடுவதில்லை, மொழியோடுதான் போராடும். எனக்கு ஒரு பருவம் முழுக்க அகராதியோடுதான் போனது. கட்டணமும் விடுதிச் செலவும் நம் கையிலிருந்து. வகுப்பில் பெரும்பாலோர் குருமாணவர்களாகவும் சிஸ்டர்மாராகவும் இருப்பார்கள். மாலையில் அவர்கள் தங்கள் சபை இல்லங்களுக்குப் போய்விட, பொதுநிலை மாணவர் தனியாக அறைக்குத் திரும்பும் தனிமையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி விசுவாசம். மோசேயின் பெயரில் வழங்கும் ஐந்து நூல்களும் பல காலத்து மரபுகள் சேர்ந்து உருவானவை, நான்கு நற்செய்திகளும் நான்கு வேறுபட்ட சபைச் சூழலில் எழுந்தவை, படைப்பு பற்றித் தொடக்கநூல் தொடக்கத்திலேயே இரண்டு விவரிப்புகள் அருகருகே இருக்கின்றன என்று முதல் ஆண்டிலேயே பேராசிரியர் கரும்பலகையில் எழுதிப்போடுவார். ஆத்தா மடியில் உட்கார்ந்து செபமாலை சொல்லி வளர்ந்த எனக்கு அந்த வாரம் தூக்கம் வரவில்லை. எல்லாம் பொய்யா என்றுகூட ஒரு நாள் அழுதேன்.

பொய் இல்லை. 1943-லேயே பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தை, விவிலியத்தை அதன் இலக்கிய வகையும் காலமும் அறிந்து படிக்கும்படி அறிஞர்களைத் தூண்டினார். 1993-இல் பாப்பிறை விவிலிய ஆணையம், வரலாற்றுத் திறனாய்வு முறை இன்றியமையாதது என்றே எழுதியது. திருஅவை பயப்படாத ஒன்றுக்கு நான் பயந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் அது தெரிய எனக்கு ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டில் கூட இருந்து பேச ஓர் ஆன்ம வழிகாட்டி கிடைத்தது என் பாக்கியம். குருமாணவருக்கு அது ஏற்பாடாகவே உண்டு. பொதுநிலை மாணவர் தானே தேடிக்கொள்ள வேண்டும். சேருமுன் இதற்கு ஓர் ஆளைப் பார்த்து வையுங்கள்.

அடுத்தது வேலை. படித்து ஊர் திரும்பியதும் ஒரு நிறுவனத்தில் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். சம்பளம் என்று கேட்டதும், "இது சேவைதானே" என்றார்கள். போக்குவரத்துக்கே பற்றாத ஒரு தொகையை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். நான் சண்டை போடவில்லை. ஆனால் இன்றைக்கு எழுதுகிறேன்: திருஅவைச் சட்டம் 231-இன் இரண்டாம் பகுதி, திருஅவைப் பணியில் ஈடுபடும் பொதுநிலையினருக்குத் தங்கள் தேவைக்கும் குடும்பத்தின் தேவைக்கும் ஏற்ற நியாயமான ஊதியம் பெற உரிமை உண்டு என்கிறது. காப்பீடும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும்கூட அதில் சேர்ந்தே இருக்கின்றன. இதை நம் பங்குகளும் நிறுவனங்களும் மனதில் வைக்காத வரை, குடும்பப் பொறுப்புள்ள ஒருவர் இறையியலை மட்டும் நம்பி வாழ்வது கொங்கு நாட்டில் கடினம். கத்தோலிக்கப் பத்திரிகை, மறைமாவட்டச் சமூகப்பணி, தியான இல்லம், பள்ளியில் நன்னெறிப் பாடம் என்று இடங்கள் உண்டு. எண்ணிக்கையில் குறைவு.

இது யாருக்குச் சரி? கையில் ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவருக்கு, ஐந்தாண்டுச் செலவைத் தாங்கக் கூடியவருக்கு, ஆராய்ச்சியிலும் கற்பித்தலிலும் தீராத விருப்பம் உள்ளவருக்கு. பதினேழு வயதில், பிளஸ் டூ முடித்த கையோடு இதை முதல் படிப்பாக எடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## வழி மூன்று: பல்கலைக்கழகத்தில், பக்கத்துப் பாடமாக

மதுரைக்கு அருகே கருமாத்தூரில் இயேசு சபையார் நடத்தும் அருள் ஆனந்தர் கல்லூரியில் மெய்யியல் இளங்கலை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவ ஆய்வுகளுக்குத் தனித் துறை உண்டு. எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் இக்னோவில் தொலைநிலையில் எம்.ஏ. மெய்யியல் படிக்கலாம். இவை எல்லாம் பல்கலைக்கழகப் பட்டங்கள், அரசுத் தேர்வுக்கும் ஆராய்ச்சிக்கும் செல்லும்.

ஆனால் இது கத்தோலிக்க இறையியல் ஆகாது. பல்கலைக்கழகம் மதத்தை வெளியே நின்று ஆராயும். இறையியல், விசுவாசத்தின் உள்ளே நின்று கேள்வி கேட்கும். முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவது கிடைக்கவில்லையே என்று வருந்தக் கூடாது.

என் மனதுக்கு நெருக்கமான ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தமிழ் இலக்கியமும் வரலாறும் இறையியலுக்கு மிகச் சிறந்த அடித்தளம். ஆனால் நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. 1726-இல் வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் சூசையப்பரைத் தலைவராக வைத்துத் தேம்பாவணி பாடினார். அதை வரிவரியாக இறையியலும் தமிழும் தெரிந்து வாசிக்கக் கூடியவர்கள் இன்று எத்தனை பேர்? இயேசு சபைக் குருவான தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி 1623-இல் மதுரையை விட்டு வடக்கே கிளம்பி சேந்தமங்கலம், சேலம் வரை வந்தவர். சத்தியமங்கலம் மதுரை மிஷனின் பழைய தளங்களில் ஒன்று. கோவை 1850-இல் தனி மறைஆட்சிப் பகுதியாகி, பாரீசு வெளிநாட்டு மிஷனரிமாரின் பொறுப்பில் வளர்ந்து, 1886-இல் மறைமாவட்டமானது. கருமத்தம்பட்டி செபமாலை மாதா திருத்தலத்துக்கு அக்டோபரில் நடந்து போகிற கூட்டத்தில் இந்த வரலாற்றைச் சொல்லத் தெரிந்தவர் ஒருவரைப் பார்ப்பது அரிது. இலத்தீனும் பிரெஞ்சும் கொஞ்சம் கற்ற ஒரு வரலாற்று மாணவிக்கு நம் மண்ணிலேயே ஒரு வாழ்நாள் வேலை காத்திருக்கிறது.

## வழி நான்கு: முதலில் வழக்கமான பட்டம், கூடவோ பின்னாலோ இறையியல்

நான் போன வழி இது. பெரும்பாலோருக்கு நான் சொல்வதும் இதுதான்.

கோவையில் நிர்மலா மகளிர் கல்லூரி போன்ற கத்தோலிக்கக் கல்லூரியிலோ, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசுக் கல்லூரியிலோ ஒரு பட்டம் படியுங்கள். அந்த மூன்றாண்டில் விவிலியத்தை ஒழுங்காக, முழுக்க, குறிப்புகளோடு வாசியுங்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம். திண்டிவனத்தில் தமிழக விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டுப் பணி நிலையம் இருக்கிறது. விவிலிய, மறைக்கல்விப் பயிற்சிகளைப் பற்றி அங்கே கேளுங்கள். மறைமாவட்ட விவிலியப் பணிக்குழுவிடமும் கேளுங்கள். மூன்றாண்டுக்குப் பிறகும் தாகம் தணியாமல் இருந்தால் இரண்டாம் வழிக்குத் தாராளமாகப் போங்கள். தணிந்துவிட்டால், நல்ல மறைக்கல்வி ஆசிரியராக இருங்கள். இரண்டில் எதுவும் நட்டமில்லை.

பணத்தில் இதற்கு ஓர் அனுகூலமும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்புக்காக மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. இவை அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் படிப்புகளுக்கானவை. வழக்கமான பட்டம் படித்தால் கிடைக்கும் இந்தத் தொகையைக் குருமடப் படிப்புக்குக் கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

எந்தப் பட்டத்தோடு இறையியல் நன்றாக ஒட்டும்? சமூகப்பணி, உளவியல், தமிழ், வரலாறு என்று பலர் சொல்வார்கள். நான் சட்டத்தையும் சேர்ப்பேன். திருமணம் செல்லாது என அறிவிக்கும் வழக்குகளை விசாரிக்க ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் திருஅவை நீதிமன்ற ஏற்பாடு தேவை. சட்டம் 1435-இன்படி, திருமணப் பிணைப்பைக் காக்க வாதாடுபவர் பொதுநிலையினராகவும் இருக்கலாம், திருஅவைச் சட்டத்தில் லிசென்சியேட்டோ முனைவர் பட்டமோ வேண்டும். அதே சமயம் அந்தத் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தில் செல்லாது. 1996-இலும் 2017-இலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. திருஅவை நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கிவிட்டோம் என்று நம்பி, குடும்ப நீதிமன்றத்துக்குப் போகாமலே மறுமணம் செய்து, வழக்கில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. இரண்டு சட்டமும் தெரிந்த ஒரு வழக்கறிஞர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும். இறையியல் படிக்காதவர் திருஅவைச் சட்டத்துக்கு வர, முதலில் இரண்டாண்டு அடிப்படைப் படிப்பு, பிறகு மூன்றாண்டு லிசென்சியேட். நீண்ட பாதைதான். முடித்து வருபவருக்கு வேலை இருக்கிறது.

இந்த வழியின் மறைந்த விலை, தள்ளிப்போவது. பட்டம் முடிந்ததும் வேலை, வேலை வந்ததும் கல்யாணம், பிறகு குழந்தை, வீட்டுக் கடன். "அப்பறம் படிச்சுக்கலாம்" என்றவர்களில் நிறையப் பேர் படிக்கவே இல்லை. ஆகவே ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். பட்டம் முடித்து இத்தனை ஆண்டுக்குள் முடிவெடுப்பேன் என்று ஒரு நம்பகமான ஆளிடம் சொல்லி வையுங்கள்.

## வழி ஐந்து: வெளிநாடு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் இறையியல் மற்ற பாடங்களைப் போல இளங்கலையிலேயே உண்டு. கட்டணம் நம் வீடுகளுக்கு எட்டாது, முழு உதவித்தொகை இருந்தால் தவிர. ஜெர்மனியில் ட்யூபிங்கன், ஃப்ரைபுர்க், ம்யூன்ஸ்டர் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களிலேயே கத்தோலிக்க இறையியல் புலம் இருக்கிறது. படித்த பொதுநிலையினர் சம்பளத்தோடு பங்குப் பணியாளராகவும் சமயக்கல்வி ஆசிரியராகவும் வேலை பார்க்கும் நாடு அது. கட்டணம் குறைவு. ஆனால் ட்யூபிங்கனும் ஃப்ரைபுர்க்கும் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சம் மட்டுமே எடுக்க முடியும் முடக்குக் கணக்கில் காட்டச் சொல்கிறார்கள். ஜெர்மன் மொழி சரளமாக வர வேண்டும். முதுகலைக்கோ ஆராய்ச்சிக்கோ யோசிக்கலாம். பிளஸ் டூ முடித்த கையோடு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | குருமடம், சபை | பொதுநிலையினராக இறையியல் கல்லூரி | பல்கலைக்கழகப் பக்கத்துப் பாடம் | பட்டம் முதலில், இறையியல் பிறகு | வெளிநாடு |
|---|---|---|---|---|---|
| முன்னால் நிற்கும் காரணம் | அழைத்தல் | தாகம், கற்பித்தல் | ஆராய்ச்சி | தாகமும் பிழைப்பும் | உயர் ஆராய்ச்சி |
| ஆண்டுகள் | 10 முதல் 12 | 5, மேலே 2 | 3, மேலே 2 | 3, பிறகு உங்கள் விருப்பம் | படிப்பைப் பொறுத்து |
| செலவு யார் மேல் | மறைமாவட்டம், சபை | நம் மேல் | நம் மேல், குறைவு | நம் மேல், அரசு உதவி உண்டு | நம் மேல், மிக அதிகம் |
| அரசு வேலைக்குச் செல்லுமா | தனியாகப் பட்டம் படித்தால் மட்டும் | நம்ப முடியாது | செல்லும் | முதல் பட்டம் செல்லும் | சமநிலைச் சான்று கேட்பார்கள் |
| பாதியில் திரும்பினால் | ஊர்ப் பேச்சு, வயது | பணம், ஆண்டுகள் | பெரிதாக இழப்பில்லை | இழப்பில்லை | கடன் |
| பெரிய ஆபத்து | பயத்தால் உள்ளே தங்குவது | வேலை இன்மை, தனிமை | இறையியலே கிடைக்காமல் போவது | தள்ளிப்போவது | மொழி, பணம் |

## பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நம் ஊர்களில் பி.டிஎச்., டி.மின். என்று பலகை மாட்டி, சில மாதத்தில் பட்டம், இன்னும் கொஞ்சம் கொடுத்தால் டாக்டர் பட்டம் என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதம் அரசிடமும் செல்லாது, ஆயர் இல்லத்திலும் செல்லாது. அதே வேளையில், வங்காளத்தின் செராம்பூர் கல்லூரி செனட்டின் பி.டி. (இறையியல் இளங்கலை) பட்டம் போலி அல்ல. 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் நடக்கும் நல்ல படிப்பு அது, மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரி அந்த வரிசையில் வருவது. ஆனால் அது சீர்திருத்தச் சபைகளின் மரபு. கத்தோலிக்க இறையியல் என்று நினைத்துச் சேர்ந்துவிடாதீர்கள். எந்த நிறுவனமானாலும் இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இந்தப் பட்டத்தை வழங்குவது யார்? அந்த அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்தது யார்?

## மூவருக்கும் என் பதில்

கோபி அம்மாவுக்கு: பையனைத் தடுக்காதீர்கள், தள்ளியும் விடாதீர்கள். மறைமாவட்ட இறையழைத்தல் பணிக்குழு நடத்தும் முகாமுக்கு இந்த விடுமுறையிலேயே அனுப்புங்கள். பங்குத்தந்தையிடம் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து போய், பட்டப்படிப்பு உண்டா என்று நேராகக் கேளுங்கள். முகாமிலிருந்து வந்து அவன் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், தாய்க்குத் தெரியும். அவன் ஓராண்டு பொறுத்துப் போகிறேன் என்றால் அதுவும் நல்லதுதான். பொறியியல் சேர்ந்து, பட்டம் வாங்கிய பிறகு குருமடம் போனவர்களும் இருக்கிறார்கள்.

திருப்பூர்க்காரருக்கு: வேலையை விடாதீர்கள். இரண்டு குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்தை வைத்து இந்தச் சோதனை வேண்டாம். உங்களுக்குத் தேவை விளக்கம். அதற்கு வார இறுதிப் படிப்பும், கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலும், ஒரு நல்ல விவிலிய விளக்க நூலும் போதும். 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் (மறைக்கல்வி கற்பிப்பவர்) பணியைத் திருஅவையின் முறையான பொதுநிலைத் திருப்பணியாக நிறுவினார். அதற்கான பயிற்சி பற்றி உங்கள் மறைமாவட்டத்தில் விசாரியுங்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனிடம், "தெரியலை தம்பி, அடுத்த ஞாயிறு சொல்றேன்" என்று சொல்லத் தயங்காதீர்கள். சொன்னபடி அடுத்த ஞாயிறு பதிலோடு போங்கள்.

சோமனூர் அம்மிணிக்கு: தமிழோ வரலாறோ எடு. இரண்டில் எது உனக்குப் பிடிக்கிறதோ அது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தினமும் வாசி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள். இந்த ஆண்டு தொடக்கநூலிலிருந்து ஆரம்பித்து, கேள்வி எழும் இடத்தில் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வை. மூன்றாம் ஆண்டு முடியும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வா. புனேக்கும் பெங்களூருக்கும் விண்ணப்பம் போடுவது எப்படி என்று உட்கார்ந்து பேசுவோம்.